அம்புக்குறியைப் பார்த்துவிட்டு அழியுங்கள்

டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்ய உட்காருபவர்களில் பாதிப் பேர் எதையும் அழிக்கப் பயப்படுகிறார்கள். மீதிப் பேர் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிட்டுத் தவிக்கிறார்கள். ஷார்ட்கட் எது, அசல் ஃபைல் எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தராததுதான் காரணம்.

நம்பிக்கை: ஷார்ட்கட்டை அழித்தால் புரோகிராமும் போய்விடும்.

போகாது. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே ஷார்ட்கட் வெறும் முகவரிச் சீட்டுதான். அசல் எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டுமே அதில் இருக்கும். பெரும்பாலும் சில கேபிதான் அதன் அளவு. அழித்த பிறகும் ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டினால் புரோகிராம் வந்து நிற்கும். அதேபோல, ஐகானை அழித்ததும் புரோகிராமை நீக்கிவிட்டதாக நினைப்பதும் தவறு. அன்இன்ஸ்டால் செய்தால்தான் இடம் காலியாகும்.

நம்பிக்கை: டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் ஷார்ட்கட்தான்.

அதிக நஷ்டம் தருவது இந்த எண்ணம்தான். ஐகானின் இடது கீழ் மூலையை உற்றுப் பாருங்கள். சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். ‘திஸ் பிசி’, ‘ரீசைக்கிள் பின்’ போன்ற விண்டோஸின் சொந்த ஐகான்களை விட்டுவிடுங்கள். மற்றபடி அம்புக்குறி இல்லாதது அசல் ஃபைல் அல்லது ஃபோல்டர். அதை அழித்தால் உங்கள் உழைப்பே போகும். சாதாரணமாக டெலிட் செய்தது ரீசைக்கிள் பின்னில் கிடைக்கும். ஷிஃப்டைச் சேர்த்து அழுத்தியிருந்தால் அங்கும் இருக்காது. சந்தேகம் வந்தால் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். ஷார்ட்கட்டாக இருந்தால் அசல் இருக்கும் இடம் ‘டார்கெட்’ என்ற வரியில் தெரியும்.

கல்லூரி மாணவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். புராஜெக்ட் ரிப்போர்ட்டின் ஷார்ட்கட்டைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, கடைசி நாளில் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறார்கள். அங்குள்ள கம்ப்யூட்டரில் அது திறக்காது. அசல் வீட்டில் இருக்கிறது. கிளம்புமுன் பென் டிரைவில் ஃபைலின் அளவைப் பாருங்கள். படங்களோடு நூறு பக்கம் ஓடும் ரிப்போர்ட் 2 கேபியில் அடங்காது.

நம்பிக்கை: டெஸ்க்டாப்தான் பத்திரமான இடம்.

கண்ணெதிரே இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. டெஸ்க்டாப்பும் சி டிரைவில் உள்ள ஒரு ஃபோல்டர்தான். விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை ஃபார்மட் செய்தால் டெஸ்க்டாப்பில் வைத்த குழந்தையின் படங்களும் சேர்ந்து போகும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது “டெஸ்க்டாப்பில் ஃபைல் இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: ரெஃப்ரெஷ் அடித்தால் வேகம் கூடும்.

கூடாது. ஐகான்கள் மறுபடி வரையப்படும், அவ்வளவுதான். பத்து இருபது ஷார்ட்கட்டுகளை நீக்கினாலும் வேகத்தில் மாற்றம் தெரியாது. ஆன் செய்ததுமே தானாக ஓடும் புரோகிராம்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்துங்கள், பலன் தெரியும்.

நம்பிக்கை: ஷார்ட்கட்டால் ஆபத்து வராது.

2010-இல் உலகத்துக்குத் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீய புரோகிராம், விண்டோஸ் ஷார்ட்கட் ஐகானைக் காட்டும் முறையில் இருந்த ஓட்டை வழியாகவே பென் டிரைவிலிருந்து பரவியது. ஐகான் திரையில் தெரிந்தாலே போதும், கிளிக் செய்யவே வேண்டாம். அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு திருத்தம் வெளியிட்டது. ஆனாலும் பென் டிரைவில் உங்கள் ஃபோல்டர்களெல்லாம் திடீரென ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் எதையும் திறக்காதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். பெரும்பாலும் வைரஸ் அசலை மறைத்துத்தான் வைத்திருக்கும். முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டுங்கள்.

இந்த வாரம் அம்புக்குறி இல்லாதவற்றை வேறு டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ ஒரு நகல் எடுத்து வையுங்கள். அம்புக்குறி உள்ளதில் வேண்டாததைத் தயங்காமல் அழியுங்கள்.