சோதனை முடிவு வரும் வரை



உடம்பில் ஒரு கட்டி தென்படுகிறது. அல்லது வாயில் ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கிறது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார். எடுத்தாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிச் சீட்டும் தந்துவிட்டார்கள். நோய் உறுதியானவருக்கு மருந்து உண்டு. நோய் இல்லை என்று தெரிந்தவருக்கு நிம்மதி உண்டு. இந்த ஒரு வாரத்துக்குள் அகப்பட்டவருக்கு இரண்டும் இல்லை. அவருக்காகவே இந்தப் பாடம்.

அந்த ஒரு வாரம் ஏன் என்று முதலில் தெரிந்துகொள்வோம். எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறப் போடுவார்கள். பிறகு அதிலுள்ள நீரை நீக்கி, மெழுகில் பதித்து, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராத சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எலும்பாக இருந்தால் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்த பிறகே வெட்ட முடியும்; நாள் கூடும். வேறு சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று இன்னும் சில நாள் கேட்பதும் உண்டு. தாமதமானாலே கெட்ட செய்தி என்று எண்ண வேண்டியதில்லை. மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. கழுத்தில் நெறி கட்டுவதற்குக் காசநோய் காரணமாக இருப்பதும் நம் நாட்டில் அடிக்கடி காண்பதே.

ஆனால் ‘பெரும்பாலானவை’ என்ற சொல் இரவு இரண்டு மணிக்கு யாரையும் தூங்க வைப்பதில்லை. மிச்சத்தில் ஒருவராக நாம் இருந்தால் என்றுதான் மனம் கேட்கும்.

அந்த இரவுகளில்தான் குறி சொல்பவன் வாசல் கண்ணில் படும். யாரோ செய்வினை வைத்திருப்பார்கள், ஒரு கோழி அறுத்தால் சரியாகும் என்று சொல்ல உறவில் ஒருவர் வந்து சேர்வார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். மந்திரவாதமும் பேயோட்டலும் பலியும் காணிக்கையும் வேண்டாம் என்று அய்யா வைகுண்டர் நம்மை விலக்கியது எதற்காக? பயந்த மனிதனிடம்தான் கலி கடை விரிக்கிறான் என்பதற்காக. நல்ல நாளில் குறி கேட்காமல் இருப்பது பெரிய காரியமல்ல. முடிவு தெரியாத இந்த ஏழு நாளில் கேட்காமல் இருப்பதே வழிபாடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர்களிலேயே சிலர், ‘அய்யா உண்டு என்று சொல்கிறவருக்கு டெஸ்ட் எதற்கு?’ என்பார்கள். மண்ணும் நீரும் தந்து அய்யா நோய் தீர்த்தார் என்பது நம் நம்பிக்கை. அன்று அவரிடம் வந்தவர்கள் நோயை மறைத்துக்கொண்டா வந்தார்கள்? இன்னது என்று காட்டித்தானே நின்றார்கள். நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கலாம். பதம் வாங்குவதும் மருந்து வாங்குவதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

‘அய்யா உண்டு’ என்றால் கட்டியில் ஒன்றும் இராது என்று பொருள் இல்லை. தாளில் என்ன எழுதியிருந்தாலும் அய்யா உண்டு என்பதே பொருள். ஒன்றும் இருக்கக் கூடாது என்று கேட்பது தவறா என்றால், இல்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? கேட்டுவிட்டு, தகப்பன் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அய்யாவைத் திருவிதாங்கூர் மன்னனின் ஆட்கள் பிடித்துச் சென்றபோது உடன் நின்ற மக்களை எண்ணிப் பாருங்கள். திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் நூறு நாட்களுக்கு மேல் அய்யா இருந்தார். பசித்த புலியின் முன் நிறுத்தினார்கள் என்கிறது அகிலத்திரட்டு. கொல்லம் ஆண்டு 1014 மாசியில் அவர் திரும்புவார் என்பது அய்யாவுக்குத் தெரிந்திருக்கலாம். ஊரில் காத்திருந்த தாய்மாருக்கு எப்படித் தெரியும்? போன் இல்லை. அய்யா பொறுமையைத்தான் அவர்களிடம் விட்டுச் சென்றார், விடையை அல்ல. இன்று குமரி மாவட்டத்து நம் மக்கள் பலர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகும்போது, அதே திசையில்தான் போகிறார்கள்.

பொறுமை என்றால் சும்மா சுருண்டு கிடப்பது அல்ல. வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த சுமார் 700 குடும்பங்களுக்கும் ஒவ்வொரு நாளும் வேலை இருந்தது. கடலில் குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், ஒரு வேளை மரக்கறி உணவு, பிறகு வழிபாடு. காத்திருக்கும் வாரத்துக்கும் அப்படி ஒரு ஒழுங்கு வேண்டும். விடியலில் குளித்து நாமம் இட்டு உகப்படிப்பு. பகலில் வழக்கமான வேலை. தோட்டமோ கடையோ, விடாதீர்கள். உச்சிக்கு ஐந்து நிமிடம். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். சிகிச்சை தேவைப்பட்டால் உடம்புக்குத் தெம்பு வேண்டுமே. இரவில் செல்போனில் நோயின் பெயரைத் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அதுவும் ஒரு வகைக் குறி கேட்பதுதான் என்பது என் கருத்து.

வீட்டில் ஒருவருக்காவது உள்ளதைச் சொல்லுங்கள். பெண்கள் இதில் மிகவும் மறைக்கிறார்கள். மகளுக்குக் கல்யாணம் பேசுகிற நேரம் என்று மார்பிலுள்ள கட்டியை மாதக்கணக்கில் மூடி வைப்பவர்கள் உண்டு. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: இது என்ன, எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன, எப்போது? அறிக்கையைத் தனியாகப் பிரித்துப் படிக்காதீர்கள். டாக்டர் முன்னால், நம்மவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் படிக்க வேண்டிய தாள் அது.

நிழல்தாங்கலில் பணிவிடை முடிந்து இனிமம் வாங்கும்போது, அப்படி ஒருவர் நம் பக்கத்தில் நிற்கக்கூடும். ‘ரிசல்ட் வந்துட்டா?’ என்று ஆளுக்கொரு முறை கேட்டு அவரை வாட்ட வேண்டாம். ‘அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குக் கூட யாரு வாறா? நான் வரட்டா?’ என்று கேளுங்கள். காலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து, ஒரு தூக்கில் கஞ்சியும் எடுத்துக்கொண்டால் போதும்.

அய்யா உண்டு.