காதில் மருந்து விட்டபின் தோன்றும் அடைப்பு

காதில் சொட்டு மருந்து விட்டபின் அடைப்புத் தோன்றினால் அங்கத்தினர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. குறும்பி மருந்தில் ஊறிப் பருப்பதாலும், மருந்து உள்ளே தேங்குவதாலும் இஃது உண்டாகும். குறும்பி இளகியதும் பெரும்பாலும் நீங்கும். சீசாவை உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கியபின் விடுக. குளிர்ந்த மருந்து தலைசுற்றச் செய்யும். ஊக்கு, தீக்குச்சி ஆகா. எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நமக்கு உடன்பாடன்று. செவிப்பறையில் துவாரமுள்ளவர் வைத்தியரைக் கேளாமல் எம்மருந்தும் விடலாகாது.

திருப்பூர் நூற்பாலைகளிலும் பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலும் உழைப்போர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். இயந்திர இரைச்சலாலும் வேலை முடிந்தபின் காது அடைத்து இரையும். அதற்குக் குறும்பி மருந்து பயன்படாது. காதடைப்பான் அணிந்து காத்துக்கொள்வதே வழி. பல்லாண்டு இரைச்சலில் இழந்த செவிப்புலன் மீளாது. சீழ், கடுவலி கண்டால் வைத்தியரிடம் காட்டுக. திடீரென ஒரு காது கேளாமற்போயின் அன்றே செல்க. நாள் கடக்கக் கடக்கச் சிகிச்சையின் பயன் குறையும்.