சிறிய அரங்கில் கச்சேரி: ரசிகர் கவனத்துக்கு

மார்கழி வந்தால் சேலம் செவ்வாய்ப்பேட்டை இசை ரசிகர்களின் மனம் சென்னைக்குப் போய்விடும். பெரிய சபாக்களோடு, மயிலாப்பூர் லஸ் பகுதியின் ராக சுதா அரங்கம் போன்ற சிறிய இடத்துக்கும் ஒரு மாலையை ஒதுக்கலாம்.

● பயணம்: ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் செல்லும் இரவு ரயிலில் சேலம் டவுனிலேயே ஏறிக்கொள்ளலாம். டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

● இருக்கை: அரை மணி நேரம் முன்னதாகப் போனால் விருப்பப்பட்ட இடம் கிடைக்கும். பெரும்பாலும் ரசிகருக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். இடப்பக்க முன்வரிசையில் உட்கார்ந்தால், மிருதங்கக் கலைஞர் கல்லால் மெல்லத் தட்டி சுருதி சேர்ப்பதைக்கூடப் பார்க்கலாம். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம்.

● எழுந்து போக: இன்றைய கச்சேரி அமைப்பு பெரிதும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்தியது. வர்ணத்தில் தொடங்கும், விரிவான உருப்படியோடு தனி ஆவர்த்தனம் வரும், பிறகு துக்கடாக்கள், மங்களம். பலர் தனியின்போதுதான் கேன்டீனுக்குக் கிளம்புகிறார்கள். சிறிய அரங்கில் அது வாசிப்பவரின் கண்ணெதிரே நடக்கும். இரண்டு உருப்படிகளுக்கு இடையே எழுவதே மரியாதை.

● போன்: சைலன்ட்டில் போட்டால் போதாது, திரை வெளிச்சமும் உறுத்தும். அனுமதியின்றி ஒலிப்பதிவு கூடாது.

● சந்திப்பு: கச்சேரி முடிந்ததும் கலைஞரிடம் பேச வாய்ப்பு கிடைக்கும். பிடித்த ராகத்தைக் குறிப்பிட்டு இரண்டு வரி சொல்லுங்கள்; பக்கவாத்தியக் கலைஞர்களையும் பாராட்டிவிட்டுக் கிளம்புங்கள்.