ஒரு மதிப்பெண்ணும் நான்கு விடைகளும்



"ஒரு மதிப்பெண் வினாதானே, கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லாத மாணவி நம்மில் உண்டா? பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண்கள். அவற்றுள் முதல் 12 மதிப்பெண்கள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு உரியவை. ஏழு மதிப்பெண் பெற ஒரு பக்கமேனும் எழுத வேண்டும்; இங்கோ ஒரு வரி போதும். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் சிலருக்கு இரண்டு மூன்று மதிப்பெண்களில் நின்றுவிடுகிறது. நம் தருமபுரியிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் வாசலைப் பார்த்து ஆசைப்படும் நாம் இந்த ஒரு மதிப்பெண்ணை அலட்சியம் செய்யலாமா?

வேதியியலுக்கு உரியவை 7 முதல் 11 வரையுள்ள ஐந்து பாடங்கள்: அணுக்களும் மூலக்கூறுகளும், தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு, கரைசல்கள், வேதிவினைகளின் வகைகள், கார்பனும் அதன் சேர்மங்களும். பாடத்தின் இறுதியில் உள்ள வினாக்களின் விடைகளை மட்டும் மனப்பாடம் செய்வோர் பலர். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைக்கு, கணக்கில் ஓர் எண் மாறினாலே வாயடைத்துவிடும். ஆகவே நாங்கள் மூன்று வழிகளைப் பின்பற்றி வருகிறோம்.

முதலாவது, விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு வினாவை மட்டும் படிப்பது. எடுத்துக்காட்டாக, திட்ட வெப்ப அழுத்த நிலையில் 8.8 கிராம் கார்பன் டை ஆக்சைடின் பருமன் என்ன? 44 கிராம் என்பது 1 மோல், எனவே 8.8 கிராம் என்பது 0.2 மோல். 1 மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர். ஆகவே விடை 4.48 லிட்டர். விடை கையில் கிடைத்த பின்னரே நான்கையும் பார்க்க வேண்டும். முதலிலேயே பார்த்தால் நான்கும் சரிபோலவே தோன்றும்!

இரண்டாவது, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று எழுதிப் பார்ப்பது. மேற்கண்ட கணக்கில் 0.2 என்று ஒரு விடை இருக்கும். மோல் கண்டுபிடித்தவுடன் நின்றுவிட்டவர் அதை எடுப்பார். 22.4 என்றும் இருக்கும். எடையைக் கவனியாதவர் அதை எடுப்பார். இன்னொன்று: 100 கிராம் நீரில் 25 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் நிறை சதவீதம் என்ன? 25 என்று அவசரப்படக் கூடாது. கரைசலின் மொத்த நிறை 125 கிராம். ஆகவே 20 சதவீதம். பி.எச். மதிப்பு 4 உள்ள கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு, 6 உள்ளதைவிட எத்தனை மடங்கு? கழித்தால் 2 வரும். ஆனால் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால் விடை 100. தவறான விடைகள் ஏனோதானோவென்று வைக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றும் நாம் வழுக்கக்கூடிய ஓர் இடம். அந்த இடங்களை அறிந்தவரே பாடத்தை அறிந்தவர்.

மூன்றாவது, நாமே வினாக்கள் தயாரித்து ஒருவரையொருவர் கேட்பது. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பேருந்தில் வரும் தோழியருக்கு இது நல்ல வழித்துணை! நம் மாவட்டத்துக் கிணற்று நீரிலுள்ள ஃபுளூரைடே ஒரு வினாவாகும். ஃபுளூரின் எந்தத் தொகுதி? 17. ஃபுளூரைடு அயனியில் எத்தனை எலக்ட்ரான்கள்? அணுவில் 9, ஒன்றை ஏற்றதால் அயனியில் 10. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் என்பதாலன்றோ 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் நமக்கு வந்தது! இப்படிப் படித்தது மறக்குமா? ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவரைவிட, படித்ததை நினைவுகூர்ந்து சோதித்துக்கொண்டவரே ஒரு வாரத்திற்குப் பின் அதிகம் நினைவில் வைத்திருந்தனர் என்று 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் காட்டியுள்ளனர்.

இனித் தேர்வு அறைக்கு வருவோம். வினாத்தாளைப் படிக்கத் தரும் முதல் பத்து நிமிடங்களில் "அல்லாதது", "தவறானது" என்னும் சொற்களைக் கண்டு மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விடையைக் குறியீட்டுடன் சேர்த்தே எழுத வேண்டும். "ஆ" என்று மட்டும் எழுதினால் போதாது. தெரியாத வினாவில், நிச்சயமாகத் தவறானவற்றை முதலில் நீக்குங்கள். எஞ்சியவற்றுள் ஒன்றை எழுதுங்கள். நம் பொதுத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே எதையும் வெறுமனே விடக் கூடாது. ஆனால் பிற்காலத்தில் நீட் தேர்வு எழுதுவோர் ஒன்றை மறக்க வேண்டாம்: அங்கே 180 வினாக்களில் 45 வேதியியல்; சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 குறையும். இங்குக் கைகொடுக்கும் ஊகம் அங்குக் காலை வாரிவிடும்.

தோழியரே! தனிப்பயிற்சிக்குச் செல்ல வசதியில்லையே என்று நம்மில் யாரும் மனம் தளர வேண்டாம். மேற்சொன்ன மூன்றுக்கும் காசு தேவையில்லை. ஒரு பழைய நோட்டும் ஒரு தோழியும் போதும். இன்று மாலையே ஏழாம் பாடத்தில் தொடங்குவோம். நாளைக்கு ஐந்து வினாக்களோடு வகுப்புக்கு வருவோம்!