வரிச்சுவரும் தீப்பெட்டியும்

ஒரு நாட்டின் வளர்ச்சிக்கு அயல்நாட்டு வாணிகம் துணை செய்யுமா, அயல்நாட்டு முதலீடு துணை செய்யுமா என்பது பொருளியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினா. யவனர் கலங்கள் முசிறியில் பொன்னை இறக்கி மிளகை ஏற்றிச் சென்றதைச் சங்க இலக்கியம் காட்டும். பண்டம் எல்லை கடக்கும் அது வாணிகம். பண்டத்தை ஆக்கும் மூலதனமே எல்லை கடந்து வந்து தொழிற்சாலை அமைத்தால் அது முதலீடு.

இவ்விரண்டிற்கும் உள்ள உறவைக் கனடா நாட்டில் பிறந்த பொருளியலறிஞர் இராபர்ட் மண்டெல் 1957-இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினார். 1999-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். சுங்கவரியால் ஒரு பண்டத்தைத் தடுத்தால் உள்நாட்டில் அதன் விலை உயரும். அதனை ஆக்கும் மூலதனத்திற்கு ஆதாயம் மிகும். அவ்வாதாயத்தை நாடி அயல் மூலதனம் உள்ளே வரும் என்பது அவர் கருத்தின் சாரம்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இந்தியாவுக்குத் தீப்பெட்டி வந்துகொண்டிருந்தது. 1922-இல், 144 பெட்டி கொண்ட ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. மறு ஆண்டே சுவீடன் நிறுவனம் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் 'விம்கோ'வைத் தொடங்கி, எந்திரங்களோடு இங்கேயே உற்பத்தியில் இறங்கியது. அதே காலத்தில், கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் வானம் பார்த்த பூமியாகிய சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டனர். ஒரே வரி இரு தரப்பாரையும் வளர்த்தது.

எந்திரத்தோடு கைத்தொழில் எவ்வாறு போட்டியிட்டது? 1934-இல் வந்த கலால் வரியில், பிற்காலத்தில் சிறு உற்பத்தியாளர்க்குச் சலுகை விரிந்தது ஒரு காரணம். மலிந்த கூலி மற்றொரு காரணம். அக்கூலியில் பிஞ்சுக் கைகளின் உழைப்பும் கலந்திருந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட குழந்தை ஒவ்வொன்றிற்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. போட்டியின் விலையை யார் சுமந்தனர் என்பது இதனால் விளங்கும்.

விம்கோ 2005-இல் ஐ.டி.சி. குழுமத்தின் கைக்கு மாறியது. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை நடுவண் அரசு 2023-இல் தடை செய்தது. சிவகாசிக்கு மீண்டும் ஒரு சுவர் கிடைத்தது. ஆயினும், லைட்டரும் இங்கேயே செய்யப்படும் நாள் வரக்கூடும் என மண்டெலின் ஆய்வு நம்மை எச்சரிக்கிறது.

வரிச்சுவர் தருவது கால அவகாசமே. அந்த அவகாசத்தில் தொழில்நுட்பமும் தொழிலாளர் நலனும் குழந்தையர் கல்வியும் வளர்ந்தால்தான் அது வளர்ச்சி. பொருளியல் பயிலும் நம் மாணவர் இதனைத் தம் ஊரிலிருந்தே ஆராயத் தொடங்கலாம்.