குளத்தில் எடுப்பவர் குளத்துக்குக் கொடுக்கட்டும்

வட அமெரிக்கத் தாரா வேட்டைக்காரர் சங்கங்களிடமிருந்து ஒரு பாடம்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று தன் ஊருக்குத் திரும்பும்போது முதலில் வீட்டு வளவைப் பார்க்கிறது. பிறகு கிணற்றைப் பார்க்கிறது. மூன்றாவதாக அது போய் நிற்கும் இடம் குளக்கட்டு. கட்டு உடைந்திருக்கிறதா, துருசு வேலை செய்கிறதா, வாய்க்கால் தூர்ந்துவிட்டதா என்று பார்த்த பின்னரே அந்த வருடம் காலபோகம் செய்யலாமா என்ற பேச்சு எழுகிறது. வீட்டை வீட்டுக்காரன் திருத்துவான். குளத்தை யார் திருத்துவது? எல்லோருக்கும் சொந்தமானதை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பராமரிக்கும் வேளையில் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி இம்முறை நாம் வெகுதூரம் போகிறோம். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் காட்டுத் தாராக்களைச் சுடும் வேட்டைக்காரர்கள் கூடி, அத்தாராக்கள் வாழும் நீர்நிலைகளைக் காப்பாற்றிய வரலாற்றைப் படிக்கப்போகிறோம். சுடுகிறவன் எப்படிக் காவற்காரன் ஆவான் என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கும் பின்னர் வருவோம்.

புழுதி எழுந்த காலம்

கனடாவின் அல்பேட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபா மாகாணங்களிலும் அதை அடுத்துள்ள அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்களிலும் பரந்த புல்வெளிகள் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் உருகி விலகியபோது அந்நிலத்தில் இலட்சக்கணக்கான சிறு பள்ளங்கள் உண்டாயின. பனி கரையும் காலத்தில் இவற்றில் நீர் நிற்கும். சில பள்ளங்கள் ஒரு வயற்துண்டின் அளவுதான். வட அமெரிக்கக் காட்டுத் தாராக்களில் பெரும்பகுதி இங்குதான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது.

கமக்காரருக்கோ அப்பள்ளங்கள் தொல்லையாக இருந்தன. உழவு யந்திரம் அவற்றைச் சுற்றிப் போகவேண்டும். நடுவிலுள்ள நிலம் விளையாது. ஆகவே கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். 1780 களிலிருந்து 1980 கள் வரையான இருநூறு ஆண்டுகளில் அலாஸ்கா, ஹவாய் தவிர்ந்த அமெரிக்க மாநிலங்கள் தமது ஈரநிலங்களில் பாதிக்கு மேல் இழந்தன. அயோவா மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கு 89 பங்கு போய்விட்டது.

1930 களில் கடும் வறட்சி வந்தது. புல்லை உழுது புரட்டிய தென்பகுதிச் சமவெளிகளில் மேல்மண் காற்றோடு எழுந்தது. 1935 ஏப்ரல் 14 ஆம் நாள் வீசிய புழுதிப் புயலை அம்மக்கள் ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் சொல்கிறார்கள். ஏராளமான கமக்காரக் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மேற்கே கலிபோர்னியாவை நோக்கிப் போயின. போன இடத்தில் கூலிக்கு நின்றன, கூடாரங்களில் இருந்தன. அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

மனிதர் போன அதே ஆண்டுகளில் பறவைகளும் குறைந்தன. வடக்கே பள்ளங்கள் வற்றியதால் தாராக்களுக்குக் கூடு வைக்க இடமில்லாமற் போனது.

ஒரு டொலர் முத்திரை

சந்தைக்காகப் பறவைகளைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டு விற்பதை அமெரிக்கா 1918 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்கெனவே தடுத்திருந்தது. ஆனால் துப்பாக்கியைத் தடுத்தால் மட்டும் போதாது, நீரும் நிற்கவேண்டும் என்பது வறட்சியில் தெளிவாயிற்று. 1934 மார்ச் மாதத்தில் புதிய சட்டமொன்று வந்தது. தாரா வேட்டைக்குப் போகும் 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் வருடந்தோறும் ஒரு முத்திரை வாங்கவேண்டும். விலை ஒரு டொலர். முதல் முத்திரையின் படத்தை வரைந்தவர் ஜே. என். டார்லிங் என்னும் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். அவர் அப்போது அரசின் வனவிலங்குப் பிரிவுக்குத் தலைவராகவும் இருந்தார்.

முத்திரை இன்றும் உண்டு. 2015 முதல் அதன் விலை 25 டொலர். கிடைக்கும் ஒவ்வொரு டொலரிலும் 98 சதம் ஈரநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. இவ்வாறு 60 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் காக்கப்பட்டிருக்கிறது. எடுப்பவர் கொடுக்கவேண்டும், கொடுத்த பணம் எடுத்த இடத்துக்கே திரும்பவேண்டும். முத்திரையின் பின்னாலுள்ள ஒழுங்கு இவ்வளவுதான்.

1937 ஆம் ஆண்டு வேட்டைக்காரர்களே கூடி ‘டக்ஸ் அன்லிமிட்டட்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தாராக்கள் கூடு வைப்பது பெரும்பாலும் கனடாவில். அவற்றைச் சுடுவோர் பெரும்பாலும் அமெரிக்காவில். அமெரிக்க அரசின் பணத்தை அயல்நாட்டில் செலவிட அக்காலத்தில் வழியிருக்கவில்லை. ஆகவே அமெரிக்க வேட்டைக்காரர் சேர்த்த நிதி எல்லை தாண்டிக் கனடாவுக்குச் சென்றது. 1938 இல் மனிற்றோபாவின் பிக் கிராஸ் சதுப்பில் முதல் வேலை தொடங்கியது. விளைநிலமாக்கவென்று முன்னொரு தலைமுறை நீரை வடித்துவிட்ட இடம் அது. பயிர் எதிர்பார்த்தபடி விளையவில்லை. காய்ந்த சதுப்பு மண் தீப்பற்றி எரிந்தது. அங்கே அணை கட்டி நீரை மறுபடி நிறுத்தினார்கள். கீழ்க்காணிக்காரர் மேற்காணியிலுள்ள குளத்துக்குச் சிரமதானத்துக்குப் போவதைப் போன்றதே இது.

உள்ளூர்க் கிளை என்ன செய்கிறது?

இத்தகைய சங்கங்களின் உயிர் ஊர்களிலுள்ள கிளைகளில் இருக்கிறது. கமக்காரர், கடைக்காரர், ஆசிரியர், இயந்திரத் தொழிலாளர் எனச் சம்பளமில்லாத தொண்டர்கள் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். வருடத்தில் ஒருமுறை ஊர் விருந்து வைத்து, நுழைவுச்சீட்டு விற்று, ஏலம் போட்டுப் பணம் சேர்க்கிறார்கள்.

பணம் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. காட்டுத் தாராக்களில் ஒருவகை மரப்பொந்தில் கூடு வைக்கும். பெருமரங்கள் வெட்டப்பட்டதாலும் மிகுதியாகச் சுடப்பட்டதாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனம் அருகிப்போயிற்று. 1918 முதல் 1941 வரை அதைச் சுடுவதே தடை. அத்துடன் மரப்பலகையிற் பெட்டி செய்து நீரோரங்களில் வைக்கத் தொடங்கினார்கள். இன்றும் கிளை அங்கத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி இந்தப் பெட்டிகளைச் செய்கிறார்கள். வேலை சிறிது, ஆனால் அதிலுள்ள கவனத்தைப் பாருங்கள்.

* வாசல் நீள்வட்டமாக 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம். தாரா நுழையும், பெரிய மிருகம் நுழையாது.
* வாசலின் உட்புறத்தில் பலகையைச் சொரசொரப்பாக விடுவார்கள் அல்லது கம்பிவலை அடிப்பார்கள். குஞ்சுகள் பொரித்த மறுநாளே அதைப் பற்றி ஏறி வெளியே குதிக்கின்றன.
* உள்ளே மரச்சீவல் இடவேண்டும். இந்தத் தாரா கூட்டுக்குச் சுள்ளி கொண்டு வராது.
* பெட்டியைத் தாங்கும் கம்பத்தில் தகரக் கூம்பு பொருத்தவேண்டும். அது இல்லாவிட்டால் முட்டை தின்னும் விலங்குகள் இலகுவாக ஏறிவிடும்.
* பெட்டிகளை நெருக்கமாக வைக்கக்கூடாது. வைத்தால் பல தாராக்கள் ஒரே பெட்டியில் முட்டையிட, அநேகம் பொரிக்காமலே கெட்டுப்போகும்.
* ஒவ்வொரு குளிர்காலத்திலும் பெட்டியைத் திறந்து துப்புரவாக்கி, முட்டை ஓடுகளைப் பார்த்து, எத்தனை பொரித்தன என்று எழுதவேண்டும்.

கவனிப்பாரற்ற பெட்டி பறவைக்குப் பொறியாகிவிடுகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். திறப்பு விழாவோடு நின்றுபோன கிணறுகளையும் களஞ்சியங்களையும் கண்ட எமக்கு இது நன்றாக விளங்கும்.

எழுதிவைப்பதும் அவர்களின் வழக்கம். பறவையின் காலில் வளையம் கண்டால் இலக்கத்தை அறிவிக்கிறார்கள். ஆய்வுக்குத் தெரிவுசெய்யப்பட்ட வேட்டைக்காரர் சுட்ட பறவையின் இறக்கையை அனுப்பிவைக்கிறார்கள். இவற்றோடு வருடாந்தக் கணக்கெடுப்பையும் சேர்த்துப் பார்த்து, அவ்வருடம் ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை சுடலாம் என்று அரசு முடிவுசெய்கிறது. பறவை குறைந்தால் பங்கும் குறையும். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிக்கும் எமது வழக்கத்தை இங்கே நினைத்துப் பாருங்கள்.

கமக்காரனின் உறுதி கமக்காரனிடமே

இந்த வரலாற்றில் எமக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். பள்ளங்கள் இருந்தது கமக்காரரின் சொந்தக் காணியில். பறவைக்காக அவரை எழுப்பிவிடுவது நீதியாகாது. நட்டத்தை அவர் தலையிற் கட்டுவதும் நீதியாகாது.

1958 இல் முத்திரைச் சட்டம் திருத்தப்பட்டு ஒரு வழி பிறந்தது. காணி கமக்காரனுடையதாகவே இருக்கும். நீர் நிற்கும் பள்ளத்தை வடிக்கவோ, நிரவவோ, நிரப்பவோ, எரிக்கவோ மாட்டேன் என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். அதற்கு முத்திரை நிதியிலிருந்து ஒரு தொகை பெறுகிறார். கோடையில் பள்ளம் தானாக வற்றினால் அதை உழுது விதைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆயினும் இவ்வொப்பந்தம் நிரந்தரமானது. காணி கைமாறினாலும், பிள்ளைகளுக்குப் போனாலும் தொடரும். ஆகவே யோசித்தே கையெழுத்திடவேண்டும்.

மனிற்றோபாவின் பிளான்சாட் பகுதியில் 2000 களின் நடுப்பகுதியில் வேறொரு முறை பரீட்சிக்கப்பட்டது. கமக்காரர் அமைப்பும் ‘டெல்ரா’ என்னும் தாரா வேட்டைக்காரர் அமைப்பும் சேர்ந்து, ஈரநிலத்தை வைத்திருக்கும் கமக்காரருக்கு ஏக்கர் கணக்கில் வருடாந்தக் கொடுப்பனவு வழங்கச் செய்தன. ஈரநிலம் வெள்ளத்தைத் தாங்குகிறது, நிலத்தடி நீரை ஊட்டுகிறது, அழுக்கை வடிகட்டுகிறது. இந்தச் சேவையின் பயன் ஊர் முழுவதற்கும் போகிறது. எனவே செலவையும் ஊர் முழுவதும் ஏற்கட்டும் என்பது அவர்களின் வாதம்.

சுடுகிறவன் காவற்காரனா?

இந்தச் சங்கங்கள் தாராவைக் காப்பது சுடுவதற்காகத்தான் என்று குறை சொல்வோர் அந்நாடுகளிலேயே பலர் உண்டு. அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. பறவையின் உயிருக்குத் தன்னளவில் மதிப்புண்டு என்போரின் வாதம் பாரமானது. சங்கங்கள் எல்லாவற்றையும் தாமாகவே திருத்திக்கொள்ளவும் இல்லை. வெடியிலுள்ள ஈயக்குண்டுகள் நீருக்கடியிற் கிடக்க, தாராக்கள் அவற்றை மணற்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் செத்தன. வேட்டைக்காரர் பலர் எதிர்த்தபோதும், நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டை அமெரிக்கா 1991 இலும் கனடா 1999 இலும் முற்றாகத் தடைசெய்தன.

ஆனால் பலனையும் பார்க்கவேண்டும். 1970 க்குப் பின் வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடி பறவைகளை இழந்ததாக 2019 இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அதே காலத்தில் தாரா, வாத்து இனங்கள் நூற்றுக்கு 56 பங்கு பெருகியிருந்தன. அவற்றின் நீருக்காகப் பணமும் உழைப்பும் கொடுக்க ஒரு கூட்டம் இருந்தது. வயல்வெளிக் குருவிக்கு அப்படியொரு கூட்டம் இருக்கவில்லை.

எமது குளங்களுக்கு

இந்தப் பாடம் வேட்டைக்கு அழைப்பு அன்று. இலங்கைச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளைக் காக்கிறது. அவற்றைச் சுடுவதும் பொறிவைப்பதும் குற்றம். ஆனால் தொடர்பு உண்டு. வட அமெரிக்கப் பள்ளங்களில் பொரிக்கும் ஊசிவால் தாராவின் இனமே, ஆசியாவின் வடபகுதியிலிருந்து மாரியில் மன்னார்க் கரைக்கு வருகிறது. அங்குள்ள வங்காலைச் சரணாலயம் 2010 முதல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டிருக்கிறது.

போரின் பின் ஊர் திரும்பிய கமக்காரர் பலர், தமது பழைய வயற்காணிகள் பற்றைக்காடாகி, காடென்றோ சரணாலயமென்றோ எல்லைக்கல் நாட்டப்பட்டிருக்கக் கண்டார்கள். இயற்கையைக் காப்பது என்றால் தம்மை வெளியேற்றுவது என்றே அவர்கள் விளங்கிக்கொண்டால் அதில் ஆச்சரியமில்லை. காக்கவும் முடியும், கமக்காரனின் உறுதியை மதிக்கவும் முடியும் என்பதற்கு மேலே சொன்ன ஒப்பந்தங்கள் சாட்சி. அதிகாரிகளோடு பேசப்போகும் கமக்கார அமைப்புகள் இந்த உதாரணத்தைக் கையோடு கொண்டுபோகலாம்.

வீட்டிலும் வேலை உண்டு. குளத்தில் மீன் பிடிப்பவர், மாடு குளிப்பாட்டுபவர், தாமரை பறிப்பவர், நீர் பாய்ச்சுபவர் எல்லோரும் எடுப்பவர்களே. ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு சிறு தொகையோ ஒருநாள் உழைப்போ கொடுக்கட்டும். அது கொப்பியில் எழுதப்படட்டும். அந்தக் கணக்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படட்டும். இன்னும் ஊர் திரும்பாதவர்களின் பெயர்களும் அந்தக் கொப்பியில் இருக்கட்டும். அவர்கள் திரும்பும் நாளில் தமது பங்கு நீரைக் கேட்க அது துணைநிற்கும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது குளத்திலிருந்து யார் யார் என்னென்ன எடுக்கிறார்கள்? அவர்களில் யார் எதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்?
2. எமது ஊரில் கட்டப்பட்டுக் கவனிப்பாரற்றுப் போனது எது? அதற்கு வருடாந்தப் பொறுப்பு யாரிடம் இருந்தது?
3. எமது காணியில் ஒரு பகுதியைப் பொதுநன்மைக்காக விடச் சொன்னால் எந்த நிபந்தனைகளை எழுத்தில் கேட்போம்?
4. இங்கே இல்லாத குடும்பங்களின் நீர்ப்பங்கை இப்போது யார் கவனித்துக்கொள்கிறார்?