நிற்கும் கார் நடுங்கினால்

சிக்னலில் நிற்கும் கார் நடுங்குகிறதா? சூடேறிய பெட்ரோல் எஞ்சின், ஏசி அணைந்த நிலையில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்றுகள் சீராகச் சுழல வேண்டும். முள் ஏறி இறங்கினால், செலவில்லாத சோதனையிலிருந்து நாம் தொடங்குவோம்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பார்ப்போம். தூசி அடைத்திருந்தால் மாற்றுவோம். அடுத்து, திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, பெல்ட்டுக்கும் விசிறிக்கும் விலகி நின்று செவிமடுப்போம். 'உஸ்' என்ற ஓசை, காற்றுக்குழாயில் விரிசல் இருப்பதைக் காட்டலாம். பின்னர் எஞ்சினை அணைத்து, ஆறியபின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒப்பிடுவோம். ஒன்று மட்டும் கரியேறியோ ஈரமாகவோ இருந்தால், கோளாறு அந்த சிலிண்டரில்தான்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், வண்டியை ஓட்டலாகாது, மெக்கானிக்கை வரவழைப்போம். எரியாத பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பழுதாக்கிவிடும். பிளக்கோடு முடிய வேண்டிய செலவு பன்மடங்காகும்.